வரைபடத்தில் ஒரு சுருட்டு

இந்தப் பெயரை அவர்களுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லியிருக்க முடியாது. தெரிந்தவர்கள் எல்லாம் கலைந்து போய்விட்டார்கள். குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி. வைத்திருந்தவர்கள் ஊருக்குக் கப்பலேறினார்கள். மீதிப் பேரில் பாதி மண்ணுக்குள். நான் சொல்லவில்லை. சத்தியமாக நான் சொல்லவில்லை.

ராக்காயி அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். கையகலத் தாள். நீலக் கோடாக ஆறு வளைந்து போகிறது. வளைவின் உட்புறத்தில், எறும்பு எழுதியது போன்ற பொடி ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். எழுத்துக் கூட்டிப் படித்தாள். சுருட்டு.

ஈப்போ விமான நிலையத்தின் ஓரத்தில் பழைய கொட்டகை ஒன்றைக் குறுக்கே தடுத்து, ஒரு பாதியில் விமானமும் மறுபாதியில் ஆபீசுமாக நடந்துகொண்டிருந்தது அந்தக் கம்பெனி. சொந்தமாக இரண்டு சின்ன விமானங்கள். எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டங்களுக்கு மேலே தாழப் பறந்து மருந்து தெளிப்பதும், அவசரக்காரர்களைப் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் கொண்டுபோய் விடுவதும் தொழில். ராக்காயிக்கு அங்கே குமாஸ்தா வேலை. விமானி பழனியப்பன் அவளைத் தோட்டத்துப் பேச்சில் ‘கிராணியம்மா’ என்பார். அவள் அவரைக் ‘கேப்டன் அண்ணே’ என்பாள்.

1981ஆம் ஆண்டு அது. எந்த வரைபடத்துக்குச் சந்தா கட்டுவது என்று கம்பெனி மூன்று மாதமாக முடிவு செய்யாமல் இருந்தது. அமெரிக்காவிலிருந்து ஒன்று வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தடித்த உறை வரும். உள்ளே ஓரத்தில் ஏழு துளையிட்ட மெல்லிய தாள்கள். கோப்பின் வளையங்களைத் திறந்து, பழைய தாளை உருவிக் கிழித்துப் போட்டுவிட்டு, அதே இடத்தில் புதியதைச் செருக வேண்டும். முதல் பக்கத்தில் தேதியிட்டு இனிஷியல் போட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வருவது வேறு மாதிரி. வருஷத்துக்கு ஒரே ஒரு படம், எட்டாக மடித்தது, அவ்வளவுதான். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எதில் என்ன பிசகு என்று குறித்துக் கொடுப்பது ராக்காயியின் பொறுப்பு.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதைவிட, அந்த வேலையில் ஒரு பயம் பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு பாலம் நேற்றுவரை இருந்தது. தபாலில் வந்த தாளில் அது இல்லை. பழைய தாளைக் கிழித்த நிமிஷத்தோடு விமானிக்கு அந்தப் பாலம் இல்லாததாகிவிடும். கிழிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அவள் கை கொஞ்சம் தயங்கும்.

“சார், இங்க புதுசா ஒரு பேர் போட்டிருக்கான். சிங்கப்பூர் படத்துல இது இல்ல” என்றாள், மேனேஜர் ஜெயபாலனிடம்.

ஜெயபாலன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “எங்க? சுரூட்டு... ஓ, சுரூட்! மலாய்ப் பேரு லா. தண்ணி வத்திப் போறதுக்கு சுரூட்னு சொல்வாங்கள்ல? ஆத்து வளைவுல ஏதாச்சும் கம்போங் இருக்கும்.”

கதவில் சாய்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்த பழனியப்பன் எட்டிப் பார்த்தார். ஜெயபாலனும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. “அப்ப ரெண்டு ‘டி’ எதுக்கு மச்சான்? ரெண்டு மடங்கு வத்திருச்சா?”

“அமெரிக்காக்காரனுக்கு மலாய் எழுத வருமா? நீ பிளேன ஓட்டு, எழுத்த நான் பாத்துக்கறேன்.”

இருவரும் சிரித்தார்கள். ராக்காயியும் சிரித்து வைத்தாள். அது மலாய்ச் சொல் இல்லை, தமிழ். மலாய்க் கிராமம் இல்லை, அவள் பிறந்த தோட்டம் இருந்த இடம்.

கோலா கங்சாருக்குப் போகும் வழியில், ஆற்று வளைவுக்குள், சுண்ணாம்புக் குன்று ஒன்றின் காலடியில் இருந்தது அந்த ரப்பர்த் தோட்டம். காகிதத்தில் அதற்கு ஏதோ ஒரு ஸ்காட்லாந்துப் பெயர். வரிசை வீடுகளான லயத்தில் இருந்த ஜனங்களுக்கு அது வெள்ளைமலைத் தோட்டம். ரப்பர்ப் பால் ஸ்டோரை ஒட்டிப் புகை வீடு இருந்தது. ரப்பர் ஷீட்டுகளை மூங்கில்களில் வரிசையாகத் தொங்கவிட்டு, அடியில் விறகு போட்டு நாள்கணக்கில் புகைகாட்டுகிற இடம். அதன் புகைக்கூண்டு தோட்டத்தின் எந்த மூலையில் நின்று பார்த்தாலும் தெரியும். வாயில் சுருட்டோடே திரிந்த பழைய துரை ஒருவரை நினைத்து யாரோ அதற்குத் ‘தொரை சுருட்டு’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு ‘தொரை’ உதிர்ந்து போய் வெறும் சுருட்டாயிற்று. “சுருட்டு பொகையுது, நேரமாச்சு” என்றுதான் காலையில் பெண்கள் எழுந்து வாளியைத் தூக்குவார்கள். லயத்துக்கு வெளியே, தமிழ் பேசாத எவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. தமிழ் பேசுகிறவர்களிலும் அடுத்த தோட்டத்துக்காரர்களுக்குத் தெரியாது.

அது இப்போது இல்லை. அதுதான் விஷயம். 1971இல் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது இடித்துவிட்டார்கள். கம்பி வடத்தைக் கட்டி டிராக்டரால் இழுத்தார்கள். ராக்காயிக்கு அப்போது இருபது வயது. அது உடனே விழவில்லை. நடுவில் ஒருமுறை இடுப்பொடிந்ததுபோல் நின்று, யாரையோ தேடுவதுபோல் திரும்பி, பிறகு விழுந்தது. அவள் கண்ணால் பார்த்தாள்.

அடுத்த உறை வந்தபோது பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூம்பும் புள்ளியும் இருந்தன. உயரமான தடை ஒன்று இருக்கிறது, விலகிப் போ என்று விமானிக்குச் சொல்லும் குறி. தரையிலிருந்து உயரம் இத்தனை அடி என்று ஓர் எண்ணும் இருந்தது. 92.

ராக்காயிக்கு அந்த எண் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, ஒரு குச்சியின் நிழலையும் சுருட்டின் நிழலையும் அளக்கச் சொல்லிக் கணக்குப் போடவைத்தார். வகுப்பில் முதலில் விடை சொன்னவள் அவள்தான். தொண்ணூற்று இரண்டு அடி.

எண்கள் பொருந்திப்போவது உண்டு என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பழைய தாளைக் கிழித்தாள். புதியதைச் செருகினாள். தேதியிட்டு இனிஷியல் போட்டாள். இரண்டு வாரம் கழித்து வந்த தாளில் 97 என்று இருந்தது. அதற்கடுத்ததில் 103.

ஜெயபாலன் அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார். தகவல் உள்ளூரிலிருந்து கிடைத்தது, சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், அதுவரை குறியை மதித்துப் பறக்கவும் என்று பதில் வந்தது. உள்ளூரில் யார் என்று அதில் இல்லை.

“சூசா லா, பெரிய தொல்லை இவனுங்களோட” என்று ஜெயபாலன் கடிதத்தை மேசையில் போட்டார். “இல்லாத எடத்துல தூணு நட்டு வெச்சு, அதையும் மாசா மாசம் வளக்கறான்.”

ஒருநாள் ராக்காயி லீவு போட்டுவிட்டு கோலா கங்சார் பஸ்ஸில் ஏறினாள். தோட்டத்துக்குப் பிரியும் முனை வந்ததும் கண்டக்டர் மணியடித்தான். அவள் எழுந்திருக்கவில்லை. போய்ப் பார்த்து அங்கே ஒன்றுமில்லை என்றால், அந்தத் தாள் என்ன? ஏதாவது இருந்துவிட்டால், அம்மா? இரண்டில் எது தனக்கு அதிகப் பயம் என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே பார்க்காமல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி டவுன்வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பிவந்தாள்.

அம்மாவைப் பற்றி ஆபீசில் யாருக்கும் தெரியாது. வீரம்மா இருபத்திரண்டு வருஷம் புகை வீட்டில் வேலை பார்த்தவள். தோட்டம் போனபின் தாயும் மகளும் ஈப்போவில், புந்தோங் பகுதியில் ஓர் அறையில் குடியிருந்தார்கள். சுருட்டு விழுந்து மூன்று வருஷம் ஆன பிறகுதான் அது தொடங்கியது. காலையில் பின்வாசலில் நின்று, “இன்னிக்கு லேட்டாத்தான் பொகையுது” என்பாள். முதலில் பழக்கதோஷம் என்று ராக்காயி நினைத்தாள். பிறகு, “செங்கல் வெச்சுக் கட்டறானுங்க, ஒசந்துக்கிட்டே போவுது” என்றாள். பிறகு, விறகு அடுக்க வேண்டும் என்று ராத்திரியும் பகலும் பார்க்காமல் வெளியே நடக்க ஆரம்பித்தாள். லாரியில் அடிபடப் பார்த்தாள். மாமா வந்தார். படித்தவள் நீதானே என்றார். தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில் ஒரு பாரம் கொடுத்தார்கள். ‘இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்கிறார்’ என்ற வரிக்குக் கீழே ராக்காயி கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனாள். வீரம்மா சலவைக் கொட்டகைக்கு வெளியே படுக்கை விரிப்புகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இங்கேயும் ஷீட்டுதான் என்று அவளே முன்பு ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஏழு வருஷத்தில் உடம்பு வற்றி முகம் மட்டும் தெளிந்திருந்தது. நல்ல குணம் தெரிகிறது, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார். வீரம்மாதான் வரவில்லை.

“ஏம்மா, அந்தச் சுருட்டு...” என்று ராக்காயி மெதுவாக ஆரம்பித்தாள்.

“அது இல்ல.” வீரம்மா கொடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இல்லாதது இல்ல. மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்புடறேன்.”

“இல்லைன்னு எனக்கும் தெரியும்மா. சும்மாதான் கேட்டேன்.”

ஈர விரிப்பு ஒன்று இருவருக்கும் நடுவே தொங்கி ஆடியது. அதற்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது, வேறு குரலாக. “எம்புட்டு ஒசரம் வந்திருக்கு?”

ராக்காயி விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். “நூத்தி மூணு.”

விரிப்பு விலகியது. வீரம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பைத்தியம் இல்லை. காய்ச்சல் வந்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது.

“ஒனக்கும் தெரியுதா?”

“காயிதத்துல போட்டிருக்கும்மா. ஆபீசு காயிதத்துல.”

வீரம்மா ஈரக் கையால் மகளின் வாயைப் பொத்தினாள். சோடா உப்பு வாடை. “யார்ட்டயும் சொல்லிராத. யாருமே இல்லாதப்பக்கூட சொல்லாத. கையெழுத்து வாங்கிருவாங்க.”

யார் வாங்குவார்கள் என்று அவள் சொல்லவில்லை. அதன் பிறகு ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றியும் பக்கத்துப் படுக்கைக்காரி பிஸ்கட்டைத் திருடித் தின்பதைப் பற்றியும் பேசினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் பழனியப்பன் தைப்பிங்கிலிருந்து திரும்பிவந்தார். மழைக்கு மறுநாள், பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. இயந்திரம் நின்ற பிறகும் அவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கையெழுத்து வாங்க வேண்டிய பதிவேட்டோடு ராக்காயி கொட்டகையின் மறுபாதிக்குப் போனாள். அவர் கதவைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாடை. புளிப்பும் கருகலுமாக, ஈர ரப்பரில் புகை ஏறுகிற வாடை. அம்மாவின் சேலையில், தலைமுடியில், சோற்றுத் தட்டில் இருபது வருஷம் இருந்த வாடை.

“இது என்னா நாத்தம் கிராணியம்மா?” பழனியப்பனின் உதடு வெளுத்திருந்தது. “ஒனக்கு அடிக்குதா?”

அடிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். “எஞ்சின் புகையா இருக்கும்ண்ணே” என்றாள்.

அவர் இடது இறக்கையைத் தொட்டுக் காட்டினார். விரலில் கரி ஒட்டியது. “நான் திரும்பினேன் லா. எதுக்குத் திரும்பினேன்னு கேட்டா சொல்லத் தெரியல. பனிக்குள்ள நெட்டுக்குத்தா ஒண்ணு. பாத்தேன்னும் சொல்ல முடியாது, பாக்கலேன்னும் சொல்ல முடியாது. கை தானாத் திருப்பிருச்சு.” சுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “ஜெயபாலன்ட்ட சொல்லிராத. மெடிக்கலுக்குக் கூப்புட்டு, கேப்டனுக்குக் கண்ணுல கோளாறு, மண்டையில கோளாறுன்னு எழுதி, தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ல ஏத்தி விட்ருவானுங்க.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஈப்போவில் எல்லாரும் சொல்லுகிற வேடிக்கைதான். வழக்கமாக அதற்குச் சிரிப்பது ராக்காயிக்குப் பழகியிருந்தது. அன்று முகம் ஒத்துழைக்கவில்லை.

எஞ்சின் புகை என்று சொன்னது அவளை மூன்று நாள் தின்றது. அவர் துணைக்கு ஒரு கை கேட்டார், நான் கொடுக்கவில்லை. அவர் பார்த்ததை அவரே நம்பாமல் போவதற்கு என் பங்கையும் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜெயபாலன் அவளை உள்ளே கூப்பிட்டார். பழனியப்பன் ஏற்கெனவே அங்கே, கதவுப் பக்கம் நின்றிருந்தார். மேசைமேல் அமெரிக்கக் கோப்பும் சிங்கப்பூர்ப் படமும் இருந்தன.

“நல்ல சேதி” என்றார் ஜெயபாலன். “ஆத்து வளைவுல இருக்கற செம்பனை முழுக்க நமக்குத்தான். திங்கக்கிழமை காலையில மருந்து அடிக்க ஆரம்பிக்கறோம். ஒரு தடங்கல்தான். இந்த அமெரிக்காப் படத்துல தூணு இருக்கற வரைக்கும் அங்க தாழப் பறக்கக் கூடாதுங்கறான் இன்சூரன்ஸ்காரன். அது பொய்க் குறின்னு தெரிஞ்ச ஆள் யாராச்சும் எழுதிக் குடுத்தா போதுமாம். அந்தப் படத்த நிப்பாட்டிட்டு சிங்கப்பூர் படத்தயே வெச்சுக்கலாம்.” நாற்காலியில் சாய்ந்தார். “ஒன்னோட பழைய ஃபைல இன்னிக்குத்தான் பாத்தேன். நீ அந்தத் தோட்டத்துலயே பொறந்தவளாமே. இத்தன நாளு வாயே தெறக்கலயே ராக்காயி!”

அவர் சொல்லச் சொல்ல அவள் டைப் அடித்தாள். மூன்று வரி. இந்த இடத்தில் நான் பிறந்து வளர்ந்தேன். இங்கிருந்த புகைக்கூண்டு 1971இல் இடிக்கப்பட்டதை நேரில் பார்த்தேன். இப்போது அங்கே புகைக்கூண்டு எதுவும் இல்லை.

எழுத்துப் பிழை இருக்கிறதா என்று படித்துப் பார்த்தாள். இல்லை. பொய்யும் இல்லை. மூன்றும் உண்மை. ஆஸ்பத்திரி பாரத்தில் இருந்த வரியும் உண்மைதான். ஒரு சொல்கூட இட்டுக்கட்டியதில்லை. அதில் கீழே தன் பெயரை எழுதிய மறுநிமிஷம் அம்மா திரும்பிப் பார்த்தாள். தன் கண்ணையே மகள் பிடுங்கி யாரிடமோ கொடுத்துவிட்டதுபோல ஒரு பார்வை. அதற்குப் பிறகு வீரம்மா எதையும் பார்த்ததாகச் சொன்னதில்லை. கொடியில் விரிப்பைப் போடும்போதுகூட, அது நேராகத் தொங்குகிறதா என்று நர்சைக் கேட்டுக்கொள்வாள்.

திங்கட்கிழமை காலை பனி இருக்கும். இந்தத் தாளை வைத்துக்கொண்டு பழனியப்பன் அந்த வளைவுக்குள் மரத்தின் தலை உரசத் தாழ்ந்து போவார். கை தானாகத் திரும்பப் பார்க்கும். அங்கே ஒன்றுமில்லை என்று ராக்காயி எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்பது நினைவுக்கு வரும். கையைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்வார்.

“போடும்மா” என்று ஜெயபாலன் பேனாவை நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். எழுதவில்லை.

“என்னா? இதுல எதுனா பொய் இருக்கா?”

“இல்ல சார்.”

“சிம்னிய இடிச்சத நீ பாக்கலயா?”

“பாத்தேன் சார்.”

“அப்புறம் என்னா? இப்ப அங்க ஒண்ணு நின்னுக்கிட்டு இருக்குங்கறியா?” ஜெயபாலன் பழனியப்பனைப் பார்த்துக் கண்ணடித்தார். “பாத்துக்க மச்சான், நம்ம கிராணியம்மாவுக்கும் சீட்டு கிழிக்கணும் போல. தஞ்சோங் ரம்புத்தான், ஒன் வே!”

பழனியப்பன் சிரிக்கவில்லை. தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

ராக்காயிக்கு வியப்பாக இருந்தது. இத்தனை வருஷம் இந்தச் சொல்லுக்குப் பயந்திருந்தாள். இப்போது அது காதில் விழுந்தும் உள்ளே எதுவும் நடுங்கவில்லை.

“எங்கம்மா அங்கதான் சார் இருக்காங்க” என்றாள். “ஏழு வருஷமா.”

ஜெயபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குத் தெரியாது லா... சாரி, ராக்காயி.” பிறகு, குரலை மிருதுவாக்கிக்கொண்டு, “அது வேற, இது வேற. இது வெறும் காயிதம். ஒரு கையெழுத்துதானே” என்றார்.

“இருக்குன்னு நான் சொல்லல சார்” என்றாள் ராக்காயி. “இல்லைன்னு கையெழுத்துப் போட மாட்டேன்.”

பேனாவின் மூடியைத் திருகிக் கடிதத்தின்மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கமாக நகர்த்தினாள்.